எவ்வளவு நேரம் ஆனது? நிரலுக்குள் எந்தக் கடிகாரத்தைக் கேட்பது

ஒரு வேலை முடிய எவ்வளவு நேரம் பிடித்தது என்று நிரலுக்குள் அளக்கச் சொன்னால், பெரும்பாலோர் கை தானாகப் போவது ஒரே இடத்துக்குத்தான். பைத்தானில் டைம்.டைம், ஜாவாவில் கரண்ட்டைம்மில்லிஸ், ஜாவாஸ்கிரிப்ட்டில் டேட்.நவ். வேலைக்கு முன்னால் ஒரு முறை, முடிந்த பிறகு ஒரு முறை கேட்டு, பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் விடை வந்துவிடும். பெரும்பாலான நாட்களில் அந்த விடை சரியாகவும் இருக்கும். தப்பாகப் போகிற நாள் எது என்பது மட்டும் நிரல் எழுதியவர் கையில் இல்லை. அது சர்வரின் மணியைத் திருத்துகிறவர் கையில் இருக்கிறது.

இன்றைய இயங்குதளங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கடிகாரங்களைத் தருகின்றன. லினக்ஸில் கிளாக்_கெட்டைம் என்ற ஒரே அழைப்புக்குப் பின்னால் பத்துக்கும் மேல் இருக்கின்றன. இவற்றில் எதைக் கேட்பது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடைவெளியை அளக்க மோனோடோனிக் கடிகாரம், அதாவது ஒருபோதும் பின்னால் போகாத கடிகாரம். அதைத் தாண்டி உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கருவி தூங்கிய நேரம் கணக்கில் சேர வேண்டுமா, கூடாதா? மற்றத் தேர்வுகள் எல்லாம் அபூர்வமான தேவைகளுக்கு.

மணி சொல்லும் கடிகாரம்

டைம்.டைம் தருவது மணி. 1970 ஜனவரி 1 தொடங்கி எண்ணப்படும் வினாடிகளாக அது வந்தாலும், அதன் கடமை உலகத்தின் மணியோடு ஒத்துப்போவதுதான். ஒத்துப்போகாவிட்டால் அதைத் திருத்துவார்கள். திருத்தியே ஆக வேண்டும், ஏனென்றால் மதர்போர்டில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளில் 1.7 வினாடி தள்ளிப்போய்விடும். இதற்காகத்தான், கணினிகளின் மணியை இணையம் வழியாகச் சரிபார்க்க டேவிட் மில்ஸ் உருவாக்கிய என்டிபி என்ற முறை 1985 முதல் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் செயல்படுத்தும் என்டிபிடி நிரலின் வழக்கம் இது: வித்தியாசம் 128 மில்லிவினாடிக்குள் இருந்தால் கடிகாரத்தின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ மெல்லச் சரிசெய்யும். வித்தியாசம் அதற்கு மேல் நீடித்தால் ஒரே தாவலில் சரியான மணிக்குக் கொண்டுபோய் வைத்துவிடும். தாவல் முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். துணியை அளந்துகொண்டிருக்கும்போதே டேப்பின் மறுமுனையை யாரோ நகர்த்துவது போன்றது இது. அளப்பவருக்கு எதுவும் தெரியாது, வரும் எண் மட்டும் தப்பாக இருக்கும்.

எவ்வளவு தப்பாகப் போகலாம் என்பதற்கு 2017 புத்தாண்டு ஒரு நல்ல சாட்சி. 2016 டிசம்பர் 31 நள்ளிரவில், உலகப் பொது நேரப்படி, ஒரு லீப் வினாடி, அதாவது பூமியின் சுழற்சியோடு மணியை ஒத்துப்போகவைக்கும் கூடுதல் வினாடி, சேர்க்கப்பட்டது. இந்தியாவில் அப்போது ஜனவரி 1 காலை 5.30 மணி. லீப் வினாடியின்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மணியை ஒரு வினாடி பின்னால் இழுத்து, ஓடிய வினாடியை மறுபடி ஓட்டும். இணைய நிறுவனமான கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் நிரல், அதாவது இணையதளப் பெயருக்கு முகவரி சொல்லும் நிரல், கோ மொழியில் எழுதப்பட்டது. மற்ற டிஎன்எஸ் சர்வர்கள் பதில் தர எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்று அளந்து, அதை வைத்துக் கேள்விகளைப் பிரித்து அனுப்பும். சில மில்லிவினாடியில் பதில் வந்திருக்கிறது. ஆனால் இடையில் மணி ஒரு வினாடி பின்னால் போயிருக்கிறது. கழித்தால் வந்தது மைனஸ் எண். அந்த எண் அப்படியே ரேண்டம் எண் தரும் ஃபங்ஷனுக்குள் போனது. அந்த ஃபங்ஷன் பூஜ்யத்தையோ மைனஸையோ கொடுத்தால் பேனிக் ஆகி நிரலை நிறுத்திவிடும், ஆனது. உச்சத்தில் அந்த நிறுவனத்துக்கு வந்த டிஎன்எஸ் கேள்விகளில் சுமார் 0.2 சதவீதம் பாதிக்கப்பட்டன. கோடில் பூஜ்யமா என்ற சோதனை ஏற்கெனவே இருந்தது. "பூஜ்யத்துக்குச் சமமா" என்பதை "பூஜ்யமோ அதற்குக் கீழோ" என்று மாற்றியதுதான் திருத்தம், ஒரே ஓர் எழுத்து. என்ன நடந்தது என்று அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள்.

இந்தச் சம்பவத்தில் எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய கோ மொழியின் டைம் தொகுப்பு மோனோடோனிக் கடிகாரத்தை வெளியே காட்டவே இல்லை. தப்பான கடிகாரம் மட்டுமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த கோ 1.9 இதைச் சரிசெய்தது. அதிலிருந்து டைம்.நவ் இரண்டு கடிகாரங்களையும் ஒன்றாகப் படித்து வைத்துக்கொள்கிறது. கழிக்கும்போது மோனோடோனிக்கைப் பயன்படுத்தும், அச்சிடும்போது மணியைக் காட்டும். பழைய கோடில் ஒரு வரிகூட மாறாமல் லட்சக்கணக்கான நிரல்கள் ஒரே இரவில் சரியாகின. ஒரு மொழி வடிவமைப்பாளர் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் இதை மேலான ஒன்றாகவே வைப்பேன்.

லீப் வினாடியை 2035க்குள் கைவிடுவது என்று 2022ல் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு முடிவெடுத்திருக்கிறது. அதோடு இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. 1972 முதல் இதுவரை லீப் வினாடி வந்தது 27 தடவைதான். என்டிபி தாவல் எந்த நாளும் வரலாம். நிறுத்திவைத்த விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) மறுபடி எழும்போதும் வரும். பயனரே செட்டிங்ஸில் போய் தேதியை மாற்றும்போதும் வரும், விளையாட்டில் அடுத்த உயிருக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இதைத் தினமும் செய்கிறார்கள்.

இதிலும் மோசமானது, உள்ளூர் நேரத்தைக் கழிப்பது. இந்தியாவில் கோடைகால நேர மாற்றம் இல்லாததால் நம் பக்கத்து நிரலாளர்கள் பலருக்கு இதன் வீரியம் தெரிவதில்லை. இலங்கையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அங்கே 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள், அதே அக்டோபரில் அரை மணி பின்னால் இழுத்தார்கள், 2006 ஏப்ரல் 15ல் இன்னொரு அரை மணி பின்னால் இழுத்துப் பழைய நேரத்துக்கே வந்தார்கள். அந்த இரவில் உள்ளூர் நேரத்தை வைத்து ஓடும் ஒரு வேலையின் காலத்தைக் கணக்கிட்டிருந்தால், பத்து நிமிட வேலை மைனஸ் 20 நிமிடத்தில் முடிந்ததாகப் பதிவாகியிருக்கும். நேர மண்டலம் இல்லாத டேட்டைம்.நவ் இரண்டைக் கழிக்கும் கோடு எங்கே கண்ணில் பட்டாலும் மாற்றிவிடுங்கள்.

பின்னால் போகாத கடிகாரம்

மோனோடோனிக் கடிகாரத்தின் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. லினக்ஸில் அது இயந்திரம் பூட் ஆனதிலிருந்து, அதாவது இயக்கப்பட்டதிலிருந்து, எண்ணத் தொடங்கும். வேறு தளத்தில் வேறு எங்கிருந்தாவது தொடங்கலாம். அது தரும் ஒரே வாக்குறுதி: அடுத்த முறை கேட்டால் முந்தைய எண்ணைவிடக் குறையாது. இடைவெளி அளக்க வேறென்ன வேண்டும்? பைத்தானில் டைம்.மோனோடோனிக், ஜாவாவில் நேனோடைம், சி++ல் ஸ்டெடி_கிளாக், ரஸ்ட்டில் இன்ஸ்டன்ட், சி ஷார்ப்பில் ஸ்டாப்வாட்ச், பிரவுசரில் பெர்ஃபார்மன்ஸ்.நவ். பெயர்தான் வேறு, கருத்து ஒன்றே.

சி++ல் ஒரு கண்ணி இருக்கிறது. ஹை_ரெசல்யூஷன்_கிளாக் என்ற பெயரைப் பார்த்து, இதுவே சிறந்தது என்று பலர் எடுக்கிறார்கள். லினக்ஸில் பரவலாக இருக்கும் ஜிசிசி கம்பைலரோடு வரும் நூலகத்தில் அது மணி சொல்லும் சிஸ்டம்_கிளாக்கின் மறுபெயர். மைக்ரோசாஃப்ட்டின் நூலகத்தில் ஸ்டெடி_கிளாக்கின் மறுபெயர். ஒரே கோடு விண்டோஸில் சரியாகவும் லினக்ஸில் தாவலுக்கு உட்பட்டும் ஓடும். ஸ்டெடி_கிளாக் என்றே எழுதிவிடுவது நல்லது.

மோனோடோனிக் தாவாது என்றால் என்டிபி அதைத் தொடவே தொடாது என்று பொருளில்லை. லினக்ஸில் என்டிபி அதன் வேகத்தைத் திருத்தும். திருத்தத்தின் உச்சவரம்பு வழக்கமாகப் பத்து லட்சத்தில் 500 பங்கு, அதாவது ஒரு மணி நேரத்தில் 1.8 வினாடி. நடைமுறையில் இதில் சிறு பங்குதான் வரும். இந்தத் தலையீடே வேண்டாம் என்பவர்களுக்கு மோனோடோனிக்_ரா இருக்கிறது. இரண்டில் எது சரி? பெயரைப் பார்த்தால் 'ரா' தூய்மையானது போலத் தோன்றும். ஆனால் படிகத்தின் பிசகு முழுசாக அதில் தங்கியிருக்கும். ஒரு நாள் நீளமுள்ள இடைவெளியை அளந்தால், என்டிபி திருத்திய கடிகாரம்தான் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். படிகத்தையே ஆராய்கிறவர்களுக்கும், நேர ஒத்திசைவு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும்தான் ரா.

தூங்கிய நேரம் யார் கணக்கில்

நிஜமான முடிவு இங்கேதான். லினக்ஸின் மோனோடோனிக் கடிகாரம் இயந்திரம் சஸ்பெண்ட் ஆனதும், அதாவது தூங்கப் போனதும், நின்றுவிடும். எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். தூங்கிய நேரத்தையும் சேர்த்து எண்ண பூட்டைம் என்ற தனிக் கடிகாரம் 2.6.39 கெர்னலில் வந்தது. லினக்ஸ் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பைத்தானைத் திறந்து டைம்.கிளாக்_கெட்டைம் மூலம் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பூட்டைமிலிருந்து மோனோடோனிக்கைக் கழித்தால் வருவது, கடைசியாக பூட் ஆனதிலிருந்து அந்த லேப்டாப் மொத்தம் தூங்கிய நேரம். மூடியை மூடி, டீ குடித்துவிட்டு வந்து திறந்து மறுபடி கேட்டால், டீ குடித்த நேரம் அப்படியே அந்த வித்தியாசத்தில் கூடியிருக்கும்.

தொல்லை என்னவென்றால், இதே மோனோடோனிக் என்ற பெயர் மேக்கில் தூக்கத்தையும் சேர்த்து எண்ணுகிறது. தூக்கத்தைச் சேர்க்காதது அங்கே அப்டைம்_ரா. விண்டோஸின் நுண்ணிய நேரக் கவுண்டரான க்யூபிசியும் தூக்கத்தைச் சேர்த்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க க்வெரிஅன்பயஸ்ட்இன்டரப்ட்டைம் என்ற தனி அழைப்பு உண்டு. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது வரையறையான போசிக்ஸ் தரம் இந்த விஷயத்தில் எதையும் கட்டாயமாக்கவில்லை. ஆகவே "மோனோடோனிக் போட்டுவிட்டேன்" என்பதோடு பாதி முடிவுதான் எடுத்திருக்கிறோம்.

ஆண்ட்ராய்டில் இதற்குப் பலன் உடனே தெரியும், ஏனென்றால் போன் சட்டைப்பையில் இருக்கும் நேரமெல்லாம் பிராசஸர் ஆழ்ந்து தூங்கப் பார்க்கும். அங்கே அப்டைம்மில்லிஸ் தூக்கத்தைச் சேர்க்காது, எலாப்ஸ்ட்ரியல்டைம் சேர்க்கும். ஒரு பணப் பரிமாற்றச் செயலி, பயனர் ஐந்து நிமிடம் தொடாமல் இருந்தால் பின் எண்ணை மறுபடி கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்டைம்மில்லிஸை வைத்து அந்த ஐந்து நிமிடத்தை எண்ணினால், போனைப் பூட்டிப் பையில் போட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்தாலும் கணக்குப்படி ஒரு நிமிடம்தான் ஓடியிருக்கலாம். செயலி பின் கேட்காமல் திறந்துகொள்ளும். மணி சொல்லும் கடிகாரத்தை வைத்தால், செட்டிங்ஸில் தேதியைப் பின்னால் தள்ளுகிறவர் பூட்டை ஏமாற்றிவிடுவார். இங்கே எலாப்ஸ்ட்ரியல்டைம் தவிர வேறு சரியான விடை இல்லை.

மறுபக்கமும் உண்டு. விளையாட்டில் ஒரு பாத்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எவ்வளவு நேரம் போனதோ அந்த அளவுக்கு அதை நகர்த்துகிறீர்கள். தூக்கத்தைச் சேர்த்தால், லேப்டாப்பைத் திறந்த முதல் ஃபிரேமில் அந்தப் பாத்திரம் எட்டு மணி நேரத்துக்கான தூரத்தை ஒரே தாவலில் கடந்து திரைக்கு வெளியே போய்விடும். டவுன்லோடு வேகம் அளக்கும்போதும் தூங்கிய நேரம் சேரக் கூடாது. நெட்வொர்க் டைம்அவுட் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மறுமுனையில் இருக்கும் சர்வர் தூங்கவில்லை, அது தொடர்பை எப்போதோ துண்டித்திருக்கும். அதனால் தூக்கத்தைச் சேர்ப்பதே அங்கே பொருத்தம் என்பது என் எண்ணம். நான் வைத்துக்கொள்ளும் கேள்வி இது: இந்த நேரம் வெளியுலகத்துக்கு ஓடியதா, என் நிரலுக்கு ஓடியதா? காலாவதி, பூட்டு, குத்தகை (குறித்த நேரத்துக்கு மட்டும் தரப்படும் உரிமை) போன்றவை வெளியுலகத்துக்கு உரியவை. அனிமேஷன், வேகக் கணக்கு போன்றவை நிரலுக்கு உரியவை.

சிபியு நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை போதும். பைத்தானின் டைம்.பிராசஸ்_டைம், ஷெல்லில் டைம் என்று போட்டால் வரும் யூசர், சிஸ் வரிகள் எல்லாம் பிராசஸர் உழைத்த நேரத்தைச் சொல்பவை. ஐந்து வினாடி ஸ்லீப் போட்டால் அது ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் பகுதிகள்) முழுமூச்சில் ஓடினால் கடிகார நேரத்தைவிட நான்கு மடங்கு காட்டும். பயனர் காத்திருந்த நேரம் வேண்டுமானால் ரியல் என்ற வரியைப் பாருங்கள்.

நுண்மை எவ்வளவு வேண்டும்

மைக்ரோவினாடிக்குக் கீழே இறங்கும்போதுதான் கடிகாரத்தைப் படிப்பதற்கே ஆகும் செலவைக் கவனிக்க வேண்டும். லினக்ஸில் கிளாக்_கெட்டைம் வழக்கமாகக் கெர்னலுக்குள் போகாமலே, விடிஎஸ்ஓ என்ற குறுக்குவழியாகப் பிராசஸருக்குள் ஓடும் டிஎஸ்சி கவுண்டரைப் படித்துச் சில பத்து நேனோவினாடியில் திரும்பிவிடும். இயந்திரத்தின் கிளாக்சோர்ஸ் (கெர்னல் நேரத்தைப் படிக்கும் மூலம்) எச்பிஇடி, ஏசிபிஐ_பிஎம் போன்ற பிராசஸருக்கு வெளியே உள்ள டைமராக இருந்தால், ஒவ்வொரு அழைப்பும் கெர்னலுக்குள் போய்ப் பல மடங்கு தாமதமாகும். எந்தக் காரணமும் இல்லாமல் நிரல் மந்தமாகத் தெரிந்தால் எந்த மூலம் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும் கரண்ட்_கிளாக்சோர்ஸ் கோப்பை ஒரு முறை திறந்து பாருங்கள்.

டிஎஸ்சியை நேரடியாகவே ஆர்டிடிஎஸ்சி கட்டளையால் படிக்கலாமே என்ற ஆசை பலருக்கு வரும். 1993ல் இன்டெலின் பென்டியம் பிராசஸரோடு வந்த கவுண்டர் அது. பழைய பிராசஸர்களில் மின்சேமிப்புக்காக வேகம் மாறும்போது கவுண்டரின் வேகமும் மாறியது. நெஹலம் என்ற வடிவமைப்பின் காலத்துக்குப் பிந்தைய இன்டெல் பிராசஸர்களில் அந்தக் கவலை இல்லை. ஆனாலும் பிராசஸர் கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டும் என்பதால், வேலி (வரிசை மாறாமல் தடுக்கும் கட்டளை) போடாமல் படித்தால் அளக்க நினைத்த வேலை அளவுக்கு வெளியே நழுவிவிடும். சில நூறு கட்டளைகள் மட்டுமே உள்ள துண்டை அளக்கிறவருக்கு இது வேண்டும். மற்றவர்கள் கிளாக்_கெட்டைமோடு நிற்கலாம்.

பைத்தானில் பெர்ஃப்_கவுண்டரா மோனோடோனிக்கா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. லினக்ஸில் இரண்டுக்கும் பின்னால் ஒரே கடிகாரம். விண்டோஸில்தான் வேறுபாடு இருந்தது: மோனோடோனிக் 15.6 மில்லிவினாடிக்கு ஒரு முறைதான் நகரும், பெர்ஃப்_கவுண்டர் க்யூபிசியைப் படிக்கும். 3.13 பதிப்பிலிருந்து இரண்டும் க்யூபிசிதான். பழைய பதிப்பில் பெஞ்ச்மார்க் செய்கிறவர்கள் பெர்ஃப்_கவுண்டரையே எடுக்கட்டும். டைம்.டைமுக்கு இன்னொரு குறையும் உண்டு. இன்றைய 170 கோடிச் சொச்சம் வினாடிகளை ஒரு ஃபுளோட்டில் (தசம எண் வகையில்) அடைத்தால், அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு நடுவே 238 நேனோவினாடி இடைவெளி விழுந்துவிடும். _என்எஸ் என்று முடியும் ஃபங்ஷன்கள் முழு எண்ணாகத் தருவதால் இந்த இழப்பு இல்லை.

பிரவுசரில் நுண்மை வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கிறது. 2018 ஜனவரியில் பிராசஸர்களில் இருந்த ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புப் பலவீனம் வெளியானதும், நுண்ணிய கடிகாரத்தை வைத்து மற்றவர் நினைவகத்தைப் படிக்க முடியும் என்று தெரிந்து பெர்ஃபார்மன்ஸ்.நவ்வை மழுக்கினார்கள்.

எண்ணை எப்படி வைத்துக்கொள்வது

சரியான கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்த பிறகும் கணக்கில் கோட்டை விடலாம். 1991 பிப்ரவரி 25 அன்று சவுதியின் தஹ்ரானில் நடந்தது அதுதான். வரும் ஏவுகணைகளைத் தடுக்கும் பேட்ரியாட் ஏவுகணைக் கருவி, தொடங்கியதிலிருந்து ஓடிய நேரத்தை வினாடியின் பத்தில் ஒரு பங்காக, முழு எண்ணாக எண்ணியது. எண்ணியதில் தப்பில்லை. வினாடியாக்க 0.1 ஆல் பெருக்கியபோது, அந்த 0.1 பைனரியில் முடிவில்லாத பின்னம் என்பதால் 24 பிட்டில் வெட்டுப்பட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு துளிப் பிழை. கருவி 100 மணி நேரம் அணைக்கப்படாமல் ஓடியபோது அது 0.34 வினாடியாகச் சேர்ந்துவிட்டது. அந்த நேரத்தில், எதிரி ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். கருவி தப்பான இடத்தில் தேடியது, 28 வீரர்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் அங்கே வந்துசேர்ந்தது.

எண்ணின் அகலமும் அப்படித்தான். 32 பிட்டில் மில்லிவினாடியை எண்ணினால் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். விண்டோஸ் 95 அந்த நாளில் உறைந்துபோனது இதனால்தான். போயிங் 787ன் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டு அலகுகளில் ஒரு கவுண்டர் 248 நாள் தொடர் இயக்கத்தில் நிரம்பி வழியும் என்று 2015ல் அமெரிக்க விமானத் துறை எச்சரித்து, அதற்குள் மின்சாரத்தை நிறுத்தி இயக்கச் சொன்னது.

ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையைப் பயன்படுத்தும் மாணவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும், அதில் மில்லிவினாடியை எண்ணும் மில்லிஸ் கவுண்டரும் 32 பிட்தான். தொடக்கம் 4294967000, காத்திருக்க வேண்டியது 1000 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். "மில்லிஸ், தொடக்கம் கூட்டல் 1000ஐத் தாண்டியதா" என்று எழுதினால், கூட்டல் வழிந்து 704 ஆகிவிடும். பத்தே மில்லிவினாடி கழித்துக் கேட்டாலும் "தாண்டிவிட்டது" என்று பதில் வந்து மோட்டார் உடனே ஓடும். "மில்லிஸ் கழித்தல் தொடக்கம், 1000ஐத் தொட்டதா" என்று எழுதினால் பத்து என்றே வரும். கவுண்டர் பூஜ்யத்தைக் கடந்து 704ல் நிற்கும்போது, அன்சைன்டு (மைனஸ் எண் இல்லாத எண் வகை) கழித்தல் சரியாக 1000 தரும். கூட்டி ஒப்பிடாமல் கழித்து ஒப்பிட்டால், வழிதலுக்கென்று தனிக் கோடே தேவையில்லை.

மணியைத் தவிர வேறு வழியில்லாத இடம்

ஓர் இயந்திரத்தின் மோனோடோனிக் எண்ணை இன்னோர் இயந்திரத்துக்கு அனுப்பிப் பயனில்லை. ரீபூட்டுக்குப் பிறகு அதே இயந்திரத்திலும் பயனில்லை. டேட்டாபேஸில் அதைச் சேமித்தவர்கள் சர்வரை மறுபடி தொடங்கும் நாளில் திண்டாடுவார்கள். கோரிக்கை போய்த் திரும்பும் நேரத்தை அனுப்பிய இயந்திரத்திலேயே இரண்டு முறையும் அளந்தால் மோனோடோனிக் போதும். போகும் வழிக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டால் இரண்டு இயந்திரங்களின் மணியையும் நம்ப வேண்டும், அவற்றுக்கு இடையிலான பிசகு விடையில் கலந்தே வரும். கூகுளின் ஸ்பேனர் டேட்டாபேஸ் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஜிபிஎஸ் ரிசீவர்களையும் அணுக் கடிகாரங்களையும் வைத்துக்கொண்டும், அதன் ட்ரூடைம் ஒற்றை மணியைச் சொல்வதில்லை. "இப்போதைய நேரம் இந்த இரண்டுக்கும் நடுவில்" என்று ஓர் எல்லையைத் தரும். எல்லையின் அகலம் தீரும்வரை பரிவர்த்தனை காத்திருக்கும்.

நம் அளவிலான வேலைகளுக்கு அவ்வளவு தேவையில்லை. பல நாள் ஓடும், நடுவில் ரீபூட்டைத் தாண்டும் வேலை என்றால், தொடக்க நேரத்தை உலகப் பொது நேரத்தில் மணியாகச் சேமியுங்கள். ஒவ்வொரு முறை பூட் ஆன பிறகும் ஓடிய பகுதியை மோனோடோனிக்கால் அளந்து டேட்டாபேஸில் தனி நெடுவரிசையில் கூட்டிக்கொண்டே வாருங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று ஒரு சோதனை வரி எழுதுங்கள். மணிக்கணக்கு மைனஸில் வந்தால் அதைப் பூஜ்யமாக்கி மறைக்காமல், லாகில் எழுதிவிட்டு மோனோடோனிக் கூட்டுத்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள்.